மூன்றாம் ஜன்னலில் வளர்ந்த பிள்ளை

பிப்ரவரி பிறந்துவிட்டால் டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் என்னைத் தேடாத ஆண்பிள்ளை கிடையாது. வருஷம் முழுக்க "மாமி வரா, கதவைச் சாத்து" என்று பெண்டாட்டிக்குச் சைகை காட்டுகிறவர்கள்கூட அந்த மாசம் பால் பூத் வரிசையிலேயே என்னை மறித்துக்கொள்வார்கள். வருமான வரியில் நாலு காசு மிச்சம் பிடிக்க வழி சொல்ல வேண்டும். வீட்டில் பத்து ரூபாய் கேட்டால் மூக்கால் அழுகிற மனுஷர்கள், சர்க்காருக்குப் போகிற பத்து ரூபாயைத் தடுப்பதற்காக நூறு ரூபாயைக் கொண்டுவந்து என் பையில் போடுவார்கள். கேட்டால் குழந்தைகள் படிப்புக்கு என்பார்கள். பாதி நிஜம், பாதி வரி.

நான் தபாலாபீஸ் சேமிப்பு ஏஜெண்ட். பெண்களுக்கு அந்த வேலையைக் கொடுக்க ஆரம்பித்த புதிதிலேயே எழுதிப்போட்டு வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ராஜகோபாலன் செக்ஷன் ஆபீசர். அவர் சம்சாரம் வீடு வீடாக வசூலுக்குப் போவதா என்று கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. முதல் கமிஷனில் அவருக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன். குளிர் காலம், பேசிவிட்டார்.

எங்களுக்குக் கீழ் வீடு பூவராகவனுடையது. விருத்தாசலத்துக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு ஊர். இங்கே மத்திய சர்க்கார் இலாகா ஒன்றில் அசிஸ்டெண்ட். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். அவர் மனைவி லீலாவதிக்கு அதுவும் சேர்த்துப் பேசத் தெரியும். வாசல் பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு புடவைகளுக்கு பால்ஸ் தைத்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கருவாடு வாங்கி வந்து குழம்பு வைப்பாள். வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கிய நான், நாளாவட்டத்தில் அந்த வாசனை வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை என்று ஒத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டேன்.

இரண்டு குழந்தைகள். மூத்தவன் வேணு. ஒரு வயது சின்னவள் செல்வி. வேணுவுக்கு மூன்று வயது நிறைவதற்கு முன்பே, அறுபத்தெட்டில், பூவராகவன் தானாகத் தபாலாபீஸுக்குப் போய் அவன் பேரில் பதினைந்து வருஷக் கணக்கு ஒன்றைத் திறந்திருந்தார். மாசாமாசம் கட்ட வேண்டும். கட்டியதை ஆபீசில் காட்டினால் வரியில் கழிவு உண்டு. முடிகிற வருஷம் பையன் காலேஜ் வாசலில் நிற்கிற வருஷமாக இருக்கும். நல்ல யோசனைதான். நான் ஏஜெண்ட் ஆவதற்கு முன்னால் திறந்த கணக்கு என்பதால் எனக்கு அதில் காலணா பெயராது.

"செல்வி பேர்ல ஒண்ணும் போடலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவளுக்கு அவ அம்மா நகையா சேக்கறா மாமி" என்றார்.

எங்கள் மனுஷர்களிடமும் இதே நியாயம்தான். நான் என்னத்தைச் சொல்ல?

எழுபத்தைந்து மே மாசம் வேணு செத்துப்போனான். மூளைக்காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ எதிர் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லை. அனல் காற்று அடித்து வேப்பமரமெல்லாம் புழுதி பூசி நின்ற நாள். யமுனைக் கரைக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள். லீலாவதி அழுத அழுகையில் அந்த பிளாக்கில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

மறு மாசம் பதினாலாம் தேதி, வசூலைக் கட்ட நான் பையோடு படியிறங்கும்போது பூவராகவன் கீழே நின்றுகொண்டிருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"போஸ்டாபீஸ் போறீங்களா மாமி? நானும் வரன்."

"கணக்கை மூடறதுக்கா? அதுக்கு எழுதிக் கொடுக்கணுமே."

"மூடல மாமி. மூடிட்டா வரிக் கழிவு போயிடும். கட்டிக்கிட்டு இருப்பம்."

வரி என்று சொல்லிவிட்டால் எங்கள் காலனியில் அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நானும் திறக்கவில்லை. இரண்டு பேரும் நடந்தோம்.

மூன்றாம் நம்பர் ஜன்னலில் மல்ஹோத்ரா உட்கார்ந்திருப்பார். லாகூர்ப் பக்கத்திலிருந்து பிரிவினையில் வந்தவர். காதில் மயிர், மேஜையில் எப்போதும் சோம்பு டப்பி. ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் வீட்டுச் சமாசாரம் விசாரிக்காமல் முத்திரை குத்த மாட்டார். அன்றைக்கும் பாஸ்புக்கை வாங்கிப் பேரைப் படித்துவிட்டு, பையன் எப்படி இருக்கிறான், போன மாசம் காய்ச்சல் என்றீர்களே என்று ஹிந்தியில் கேட்டார்.

பூவராகவன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அப் டீக் ஹை" என்றார். இப்போது தேவலை.

மல்ஹோத்ரா, கடவுள் காப்பாற்றினார் என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார். திரும்பி வரும்போது பூவராகவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மனசு ஒடிந்த மனுஷர், ஏதோ ஒரு தடவை வாய் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மறு மாசமும் மல்ஹோத்ரா கேட்டார். பூவராகவன் சொன்னார். காய்ச்சலில் படிப்பு ஒரு வருஷம் வீணாகிவிட்டது, தங்கையும் அவனும் இப்போது ஒரே வகுப்பு என்றார். அதற்கு அடுத்த மாசம் சைக்கிள் கற்றுக்கொண்டான். அப்புறம் ஆறாம் வகுப்புப் போனான். செல்விக்குக் கிட்டப்பார்வை என்று கண்ணாடி போட்ட மாசம், ஜன்னலில் வேணுவுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. செல்வி ஹிந்திக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினாள். மதராஸி பையன் ஹிந்தியில் பரிசா என்று மல்ஹோத்ரா எழுந்து நின்று கம்பிக்குள்ளாகக் கையை நீட்டிப் பூவராகவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூவராகவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டில் அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

அங்கே அந்த ஜன்னலில் ஒரு பிள்ளை மாசாமாசம் வளர்ந்துகொண்டிருந்தான். கேட்கக் கேட்க எனக்கும் அவன் ஒரு மாதிரி பழகிவிட்டான். ஒரு குளிர் காலத்துச் சாயங்காலம், பனிமூட்டம் படிக்கட்டு வரைக்கும் ஏறியிருந்தது. உயரமாகக் கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் என்னைத் தாண்டி இரண்டு இரண்டு படியாக ஏறிப் போனான். "வேணு, பார்த்துப் போடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். மேல் வீட்டு பஞ்சாபிக்காரர் மருமான்.

எண்பத்து மூன்று ஜூனில் கடைசித் தவணை கட்டியாயிற்று. மல்ஹோத்ரா பாஸ்புக்கை மூடிக் கையில் தட்டினார். "பதினைந்து வருஷம் பூவராகவன் ஜி! பையனைப் பற்றிக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு தடவை கண்ணால் பார்க்கவில்லை. அடுத்த மாசம் பணம் வாங்க வரும்போது அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். லட்டு நான் வாங்கி வைக்கிறேன்" என்றார்.

பூவராகவன் தலையை ஆட்டினார். வருகிற வழியில் மோர்க்காரனிடம் ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஜூலையில் அவர் தபாலாபீஸ் பக்கமே வரவில்லை.

செல்வி நன்றாகத்தான் படித்திருந்தாள். டெல்லியில் அவள் ஆசைப்பட்ட பார்மசிப் படிப்பு மயிரிழையில் தப்பிப்போய், மங்களூர்ப் பக்கம் ஒரு தனியார் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. பீஸும் ஹாஸ்டலும் சேர்த்து முன்பணமாகக் கட்டச் சொல்லியிருந்தார்கள். பூவராகவனின் பிராவிடெண்ட் பண்டை அவர் தங்கை கல்யாணம் எப்போதோ தின்றுவிட்டது. இருப்பது அந்த ஒரு கணக்குதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லீலாவதி படியில் நின்று என்னைக் கூப்பிட்டாள். மழை பெய்து ஓய்ந்து, காற்றே இல்லாமல் புழுங்கியது. உள்ளே கூலர் ஓடியும் ஈரம்தான் மிச்சம். பூவராகவன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். செல்வி தரையில் உட்கார்ந்து, காலேஜ் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"வாங்க மாமி, உக்காருங்க. கருவாடு கொதிக்குது, மூக்க மூடிக்கிட்டாவது உக்காருங்க. இவர நீங்களே கேளுங்க. பணம் பழுத்துத் தொங்குது. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள டிராப்ட் போவலன்னா சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். இவரு என்னாடான்னா இன்னிக்கிப் போறன், நாளைக்கிப் போறன்னு செவுத்தப் பாத்துக்கிட்டு படுத்துக் கெடக்கறாரு."

"போவலாம்" என்றார் பூவராகவன், திரும்பாமல்.

"எப்ப போவலாம்? அவ கெழவியான பெறவா?"

"அம்மா, சில்லாதேம்மா" என்றாள் செல்வி. கத்தாதே என்பதற்கு அவள் வாயில் வருவது அதுதான். டெல்லியில் பிறந்த தமிழ். "பக்கத்து வீட்ல எல்லாம் கேக்குது."

"கேக்கட்டுமே. நான் என்னா திருடிட்டனா?"

நான் கட்டில் பக்கமாக ஸ்டூலை நகர்த்திக்கொண்டேன். "என்ன பூவராகவன், எதுக்குத் தயங்கறேள்? கார்டியன்னு ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதானே. நானும் கூட வரேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. "மாமி, அத இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீட்டிக்க வழி இல்லியா?"

"எதுக்கு நீட்டணும்?"

"வரிக்குத்தான்."

லீலாவதி கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"வரியாம் வரி! எட்டு வருஷமா இதையே சொல்றீங்க. எம்மாங்காசு மிச்சமாச்சி, எங்க, காட்டுங்க பாப்பம். நீங்க ஏன் மூடலன்னு எனக்குத் தெரியாதா? ரேஷன் கார்டுல அவன் பேர அடிச்சிட்டாங்க. பள்ளிக்கூடத்துல அடிச்சிட்டாங்க. அந்தப் பாஸ்புக்குல மட்டும் இருக்குது. சரி, இருந்துட்டுப் போவட்டும்னுதான் நானும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தன். இப்ப உசுரோட இருக்கிற புள்ளைக்கு வேணும். போயி வாங்கியாங்க."

"அந்த ஆளு வேணுவக் கூட்டியாரச் சொல்றாரு."

"எந்த ஆளு?"

"போஸ்டாபீஸ்ல மல்ஹோத்ரா. லட்டு வாங்கி வைக்கறன், புள்ளயக் கூட்டியாங்கன்னு சொல்றாரு."

லீலாவதி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னாங்க சொல்றீங்க? அவருக்குத் தெரியாதா?"

பூவராகவன் அத்தனை பேச்சு ஒருசேரப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நம்ம ஊரா இருந்தா அவன எரிச்சிருப்பமா லீலா? கல்யாணம் ஆவாத புள்ள. கொல்லையில பொதச்சிருப்பம். தலைமாட்டுல ஒரு நொச்சி நட்டிருப்பம். பொங்கலுக்குப் பொங்கல் போயி ஒரு வெளக்கு வச்சிட்டு, எப்பிடிடா இருக்கறன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வருவம். இங்க எரிச்சி, தண்ணியில கரச்சிட்டு, பஸ் ஏறி வந்துட்டம். நான் எங்க போயி நிக்கறது? மாசாமாசம் அந்த ஜன்னல்லதான் போயி நின்னன். மொத மாசம் அவரு, புள்ள எப்பிடி இருக்கறான்னு கேட்டாரு. செத்துட்டான்னு சொல்ல வாய் வரல. தேவலன்னு சொல்லிட்டன். அப்பறம் ஒவ்வொரு மாசமும் அவரு கேட்டாரு. நானும் சொன்னன்."

"என்னா சொன்னீங்க?"

"ஆறாவது போனான்னன். கண்ணாடி போட்டுக்கிட்டான்னன். இந்திக் கட்டுரையில பரிசு வாங்கினான்னன். இப்ப காலேஜுக்கு நிக்கறான்னு சொல்லியிருக்கறன்."

செல்வியின் கை அவள் கண்ணாடிக்குப் போனது. கழற்றி, தாவணித் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

லீலாவதி கூச்சல் போடப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி நிலையில் சாய்ந்துவிட்டாள்.

"எட்டு வருஷமா அவன் வளந்துக்கிட்டு இருந்திருக்கறான்" என்றாள். குரலே வேறாக இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீங்க."

"லீலா..."

"நான் அவன் போட்ட டவுசர டிரங்குல வச்சிக்கிட்டு, வருஷா வருஷம் வெயில்ல காயப்போட்டு எடுத்து வைக்கறன். எனக்கு அவன் ஒம்போது வயசுலயே நிக்கறான். அங்க நீங்க மட்டும் அவனப் பெரியாளாக்கிப் பாத்துக்கிட்டு இருந்திருக்கறீங்க. பெத்தவ நான் ஒருத்தி இங்க இருக்கறன். எங்கிட்டயும் சொல்லியிருந்தா நானும் கேட்டிருப்பனே!"

புருஷன் பொய் சொன்னதில் அவளுக்குக் கோபமில்லை. பிள்ளையை அவர் தனியாக வைத்துக்கொண்டதில்தான் கோபம். தினம் பார்க்கிற மனுஷிதான், இப்படி ஒரு ஆங்காரம் அவளுக்குள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லீலாவதி உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அங்கிருந்தே சொன்னாள். "நாளைக்கி லீவு போட்டுட்டுப் போயி வாங்கியாங்க. புள்ள படிப்புக்குன்னு போட்ட பணம். புள்ள படிப்புக்குத்தான் போவுது. செல்வியக் கூட்டிக்கிட்டுப் போங்க. மாமி, நீங்களும் தொணைக்குப் போங்க."

மறுநாள் காலையிலேயே மல்ஹோத்ராவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மத்தியானம் போனோம். மல்ஹோத்ரா தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து சணல் கட்டிய இனிப்புப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வாசல் வரைக்கும் பார்த்தார்.

"லட்கா கஹாம் ஹை?" பையன் எங்கே?

பூவராகவன் கம்பியைப் பிடித்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் ஏதாவது சொல்லி மழுப்பலாம் என்று வாயைத் திறப்பதற்குள் செல்வி முன்னால் வந்துவிட்டாள்.

"அண்ணா நேற்று ரயிலுக்கே போய்விட்டான் அங்கிள்" என்று சுத்தமான ஹிந்தியில் சொன்னாள். "மங்களூரில் காலேஜ். சீக்கிரம் வரச் சொல்லிவிட்டார்கள். உங்களைப் பார்க்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டான். நமஸ்தே சொல்லச் சொன்னான்."

மல்ஹோத்ராவுக்கு முகம் விழுந்தது, பிறகு மலர்ந்தது. "டாக்டரா?"

"மருந்துப் படிப்பு அங்கிள்."

"பேஷ், பேஷ்! அப்படியானால் அவனுக்குப் பதிலாக நீ சாப்பிடு" என்று பெட்டியைப் பிரித்து ஒரு லட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். செல்வி அதை அங்கேயே நின்று தின்றாள். பூவராகவன் கையெழுத்துப் போட்டார். எதற்காகப் பணம் என்று கேட்டிருந்த இடத்தில், மகன் படிப்புக்கு என்று எழுதினார்.

திரும்பும்போது அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். சாலையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. செல்வி என் பக்கமாக ஒதுங்கி வந்தாள்.

"மாமி, அந்தக் கட்டுரை பிரைஸ் என்னோடது."

"தெரியும்டீ."

"கண்ணாடியும் என்னோடதுதான்."

"தெரியும். உங்கப்பாகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம் மாமி. ரெஹனே தோ." இருக்கட்டும், விடுங்கள் என்கிறாள். தேங்கிய தண்ணீர் ஒன்றைத் தாண்டினாள். "அண்ணன்கிட்ட ஒண்ணுமே இல்லியே மாமி."

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் டிராப்ட் போய்விட்டது. செல்வியும் போனாள். லீலாவதி முறுக்கும் பொரிவிளங்காயும் டின்னில் அடைத்துக் கொடுத்தாள். ஸ்டேஷனில் ரயில் நகரும்போது பூவராகவன் பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடினார். இதற்கு மேல் அந்தக் குடும்பத்துக்குப் பிடித்தது விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

செப்டம்பர் பதினாலாம் தேதி, இஸ்திரிச் சட்டையோடு பூவராகவன் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"செல்வி பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிக்கலாம்னு இருக்கறன் மாமி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போதாவது அந்தப் பெண்ணின் பேர் ஒரு பாஸ்புக்கில் ஏறுகிறதே என்று விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து கொடுத்தேன். மல்ஹோத்ரா வாங்கிப் பார்த்துவிட்டு, பெண் கல்யாணத்துக்கா என்று கேட்டார். பூவராகவன் ஆமாம் என்றார். பையனிடமிருந்து கடிதம் வந்ததா என்று மல்ஹோத்ரா கேட்டார். பூவராகவன் சட்டைப் பையிலிருந்து செல்வியின் கடிதத்தை எடுத்தார். தமிழ் எழுத வராமல் அவள் ஹிந்தியில் எழுதியிருந்தாள். ஹாஸ்டல் அறை, கடல் காற்று, பரிசோதனைச் சாலையில் கையைச் சுட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னார். சொன்ன இடமெல்லாம் அவன், அவன் என்றே வந்தது. மல்ஹோத்ரா சோம்பை மென்றுகொண்டு கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பினால் லீலாவதி தையலைப் போட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னா கேட்டாரு? நீங்க என்னா சொன்னீங்க?"

அதற்குப் பிறகு எல்லாப் பதினாலாம் தேதியும் அவள் வாசலில்தான் நின்றாள்.

மறு வருஷம் கோடை விடுமுறைக்குச் செல்வி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது, வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. அந்தப் பக்கத்துத் தேங்காய் எண்ணெய்ச் சமையல் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வந்து ஒரு வாரமாகியும் வீட்டில் ஒருத்தரும் ஏண்டி இப்படி ஆயிட்ட என்று கேட்டதாகத் தெரியவில்லை. நான்தான் கேட்டேன். சிரித்துவிட்டு, மொட்டை மாடியில் என் வடாமைக் காக்காய் கொத்தாமல் பார்த்துக்கொண்டாள்.

பதினாலாம் தேதி மூன்று பேரும் போனோம். வெளியே அனல் பறந்தது. தபாலாபீஸுக்குள் மின்விசிறி கிறீச்சிட்டது. விடுமுறைக்குப் பையன் வரவில்லையா என்று மல்ஹோத்ரா கேட்டார். ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சிக்கு இருந்துவிட்டான் என்றார் பூவராகவன். அது வருகிற வருஷம் செல்விக்கு இருக்கிற பயிற்சி. மல்ஹோத்ரா செல்வியைப் பார்த்தார்.

"நீ என்ன செய்கிறாய் மகளே?"

நான் பூவராகவனைப் பார்த்தேன். இப்போது சொல்லட்டும், இதற்கு மேல் என்ன வேண்டும், பெற்ற பெண் பக்கத்தில் நிற்கிறாள், சொல்லட்டும் என்று எனக்குள் கத்தினேன். அவர் ரூபாய் நோட்டுகளின் ஓரத்தை நீவி நீவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

செல்வி தன் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கர் பே ஹீ ஹூம், அங்கிள்" என்றாள். வீட்டில்தான் இருக்கிறேன்.

"நல்லது. அம்மாவுக்கு ஒத்தாசையாக இரு" என்று மல்ஹோத்ரா முத்திரை குத்தினார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வெளியே வந்ததும், "நீங்க பண்றது உங்களுக்கே நன்னாயிருக்கா?" என்று பூவராகவனை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் சொல்லிடறன் மாமி" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அவருக்கும் இல்லை என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

வீட்டில் லீலாவதி இலை போடாத குறையாகக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் மகள் வந்திருக்கிறாள் என்று கருவாட்டுக் குழம்பு. எனக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தாள். செல்விக்குத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னாடி கேட்டாரு?"

"அண்ணன் ஏன் வரலன்னு கேட்டாரும்மா."

"நீ என்னா சொன்ன?"

"அப்பாதான் சொன்னாரு. ஆஸ்பத்திரியில டிரெயினிங்குன்னு."

லீலாவதி குழம்புக் கரண்டியைத் தூக்கியவள் அப்படியே நிறுத்தினாள். "அங்கத்திச் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கிச்சாமா?"

பூவராகவன் கை கழுவப் போனவர் கதவருகே நின்றுவிட்டார். செல்வி தட்டின் ஓரத்துச் சோற்றை விரலால் நடுவுக்கு ஒதுக்கினாள். கூலர் தண்ணீர் சொட்டியது.

"எங்கேம்மா ஒத்துக்குது" என்றாள். "எல்லாம் தேங்காய் எண்ணெயிலயே பண்றாங்களாம். ரொம்ப இளைச்சுட்டானாம்."

"ஐயோ எம்புள்ள" என்றாள் லீலாவதி. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சோற்றுச் சட்டியை இழுத்து, இருந்ததையெல்லாம் வழித்துச் செல்வியின் தட்டில் குவித்து, குழம்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். கருவாட்டுத் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்து வைத்தாள்.

"தின்னு" என்றாள், இன்னொரு கையால் செல்வியின் முதுகைத் தடவிக்கொண்டே. "நல்லாத் தின்னு."

செல்வி போதும் என்று சொல்லவில்லை. குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் தின்று முடித்தாள்.